பச்சை வாளிக்கு ஒரு மீசை

நகராட்சிக்காரன் சொல்வதில் பாதி பொய் இருக்கும், எந்தப் பாதி என்று அவனுக்கே தெரியாது என்பது ஐயாதுரையின் கட்சி. ராஜபாளையத்தில் அவர் குடியிருந்த தெருவில் இதைக் கேட்காத காது கிடையாது.

தெருமுனையில் கிடந்த குப்பைத்தொட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போன நாளில் ஆரம்பித்தது வம்பு. இனிமேல் வீட்டுக்கு இரண்டு வாளி என்றார்கள். பச்சை வாளியில் மக்குகிற குப்பை, நீல வாளியில் மக்காத குப்பை. காலையில் விசில் ஊதிக்கொண்டு பேட்டரி வண்டி வரும், அதில் வருகிற முனீஸ்வரியிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

ஐயாதுரைக்கு எழுபது தாண்டிவிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். சோழபுரத்தில் கொஞ்சம் வயல், அதற்கு டிவிஎஸ் வண்டியில் போக்குவரத்து. கூடப் பிறந்தவர்களில் ஒருவர் பட்டாளத்துக்குப் போனார், இன்னொருவர் போலீசுக்குப் போனார். அவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள மெடல் இருந்தது. இவருக்கு மீசை இருந்தது. இரண்டு பக்கமும் கன்னத்தைத் தொட்டுத் திரும்பும் வெள்ளை மீசை. தபால்காரர்கூட 'மீசைக்காரர் வீடு' என்றுதான் கேட்டு வருவார். அவர் வாய்ச்சொல்லுக்குத் தெருவில் ஒரு மதிப்பு இருந்ததென்றால் அது பாதி அந்த மீசைக்கு உரியது.

அன்றைக்கு இருளப்பசாமியின் டீக்கடை வாசலில் வைத்துத்தான் பேச்சு தடித்தது. மனைவி வெள்ளத்தாய் கொடுத்தனுப்பிய வாளியை ஐயாதுரை தூக்கிக்கொண்டு வந்திருந்தார். முனீஸ்வரி அதை எட்டிப் பார்த்தாள்.

"பெரியவரே, வாழைத்தோலோட பால் கவரையும் சேத்துப் போட்டிருக்கீக. ஆச்சி இப்படிப் போட மாட்டாகளே."

"நான்தான் போட்டேன். ஏட்டி, நான் பிரிச்சுத் தாரேன், நீ அங்க போய் ஒண்ணாக் கொட்டப்போற. எனக்கு எதுக்கு அந்த மெனக்கேடு?"

"ஏட்டி கீட்டின்னா வாளிய வாங்க மாட்டேன். ஒண்ணாக் கொட்டுதோம்னு யாரு சொன்னா?"

"யாராச்சும் சொல்லணுமாக்கும். ஒரே வண்டி, ஒரே ஆளு."

"வண்டிக்குள்ள ரெண்டு பக்கமா அடைச்சிருக்கு. கண்ணுல படலையா?"

"வண்டிக்குள்ள ரெண்டு. போற எடத்துல ஒண்ணு."

டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இருளப்பசாமி டீயை ஆற்றிக்கொண்டே, "மாமா சொல்லுததும் ஒரு நியாயந்தான்" என்றான். அந்தச் சிரிப்பு ஐயாதுரைக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"இப்பச் சொல்லுதேன், எல்லாரும் கேட்டுக்கோங்கலே. இவுக அங்க போய்ப் பிரிச்சு எடுக்குதது மெய்யின்னா இந்த மீசைய எடுத்துடுதேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் டீக்கிளாசைக் கீழே வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் மீசையை வைத்துச் சொல்வது விளையாட்டுக் காரியம் இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

முனீஸ்வரி வாளியைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தாள். "மீசைய எடுத்து என்கிட்டத்தான் போடுவீக. அது மக்குமா மக்காதான்னு எனக்கு வேற ஒரு ரோதனை."

பெஞ்சு இரண்டாம் தடவை சிரித்தது. இந்தச் சிரிப்பு அவரைப் பார்த்து.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் தெரு மாறிப்போனது. மீசைக்காரரே மீசையை வைத்துச் சொல்கிறார் என்றால் உள்விவகாரம் இல்லாமலா இருக்கும் என்று ஆளாளுக்கு எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட ஆரம்பித்தார்கள். மீன் செதிலோடு ஷாம்பு பாக்கெட், பழைய சோற்றோடு மாத்திரை அட்டை. பிரிக்காமல் வாங்கக் கூடாது என்று துப்புரவு மேஸ்திரி சொல்கிறார், வாங்காவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஓடையில் கொட்டிவிடுகிறார்கள். முனீஸ்வரி தெருக்கோடியில் வண்டியை நிறுத்தி, சாக்கை விரித்து, குத்தவைத்து உட்கார்ந்து, அவளே பிரித்தாள். வெயில் ஏறுகிற மட்டும் பிரித்தாள்.

ஐயாதுரை அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெள்ளத்தாயிடம், "நாம பாக்கணும்னே செய்யுதா. அங்க போனா எல்லாம் ஒரே குழிதான்" என்றார்.

"அப்பம் நீங்க அங்க போய்ப் பாருங்களேன்" என்றாள் வெள்ளத்தாய். "இங்க நின்னு மீசையத் தடவிக்கிட்டு இருந்தா தெரியுமாக்கும்?"

சும்மா போய்ப் பார்த்தால் நடித்துக் காட்டிவிடுவார்கள். அதற்கு ஒரு குறி வேண்டும். அவரைப் பெற்ற ஐயா அந்தக் காலத்தில் களத்தில் நெல் குவித்தால், சாணியைப் பால்போலக் கரைத்துக் குவியலைச் சுற்றி ஒரு வளையம் தெளித்துவிட்டுத்தான் வீட்டுக்குச் சாப்பிட வருவார். எவனாவது ஒரு படி அள்ளினாலும் வளையம் அறுந்து காட்டிக் கொடுத்துவிடும். அதே மாதிரி குப்பைக்கும் ஒரு குறி வைத்தால்? பச்சை வாளிக்குள் மக்காத சாமான் ஒன்றை ஒளித்து அனுப்ப வேண்டியது. பிரிப்பது மெய்யென்றால் அது தனியே வந்திருக்கும். பொய்யென்றால் அழுகலுக்குள்ளேயே கிடக்கும். எங்கே பார்த்தாலும் இது நம்முடையது என்று தெரிகிற சாமானாக இருக்க வேண்டும்.

பின்வாசல் மாடக்குழியில் பீங்கான் தட்டு ஒன்று இருந்தது. வெள்ளையில் நீலப்பூ போட்டது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. வீட்டில் யாரும் அதில் சாப்பிடுவதில்லை, அதனால் உடைந்தாலும் கேட்க ஆளில்லை என்று ஐயாதுரை கணக்குப் போட்டார். அம்மிக்கல்லில் வைத்து ஒரு தட்டு தட்டினார். பூவும் விளிம்பும் சேர்ந்தாற்போல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கிடைத்தது. அதை எச்சில் இலைக்குள் சோற்றோடும் புளிச்சக்கையோடும் சேர்த்துச் சுருட்டினார். மிச்சச் சில்லுகளைக் கொல்லையில் புதைத்தார். பச்சை வாளியில் இலை, தோல், சாம்பார்க் காய். நீல வாளியில் கவர், பாட்டில். மறுநாள் காலையில் இரண்டையும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

முனீஸ்வரி பச்சை வாளிக்குள் பார்த்தாள். கிளறிப் பார்க்கவில்லை. முகம் மலர்ந்துபோயிற்று.

"நல்லாப் பிரிச்சிருக்கீகளே பெரியவரே. இப்படியே போட்டீகன்னா உங்க மீசைக்கு நானே எண்ணெய் வாங்கித் தாரேன்."

அவர் காலி வாளிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

மத்தியானம் வெள்ளத்தாய் பின்வாசலில் தேடிக்கொண்டிருந்தாள். "மாடக்குழியில இருந்த தட்டு எங்க?"

"பூனை தள்ளிவிட்டிருக்கும்."

"நாளான்னைக்கு அமாவாசை. முனீஸ்வரிக்கு வடை பாயாசத்தோட சோறு போடணுமே, எதுல போட?"

"இலையில போடு" என்றார் ஐயாதுரை.

மறுநாள் விசில் சத்தம் வேறுமாதிரி கேட்டது. வண்டியோடு வந்தவன் யாரோ ஒரு இளவட்டம். முனீஸ்வரி எங்கே என்று கேட்டதற்கு, "லீவு" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டான். அமாவாசைக்கும் அவள் வரவில்லை. ஐயாதுரைக்கு உள்ளுக்குள் ஒரு கிளுகிளுப்பு. "பாத்தியாலே, ஓடிட்டா" என்று இருளப்பசாமியிடம் சொல்லிவிட்டு, டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு, குப்பை போய்ச் சேருகிற நகராட்சி உரக்கிடங்குக்குப் போனார்.

ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. அதற்குள் செங்கலில் கட்டிய தொட்டிகள், காற்றுப் போக இடைவெளி விட்டு வரிசையாக இருந்தன. மேஸ்திரி வேதமணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"வாங்க அண்ணாச்சி. வயலுக்கு உரம் வேணுமா?"

"சும்மா பாக்க வந்தேன்."

"பாருங்க. பாக்க வாரதுக்குத்தான் ஆள் இல்ல."

மூக்கைப் பொத்திக்கொள்ளத் துண்டை எடுத்தவர் அதைத் தோளிலேயே விட்டுவிட்டார். அவர் நினைத்த நாற்றம் இல்லை. முதல் மழைக்குப் பிறகு எருக்குழியைக் கிளறினால் வருகிற வாடை அது. கடைசித் தொட்டியில் கையை விட்டார். கருப்பாக, உதிரியாக, உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அள்ளி முகர்ந்தார். இவரைப் பேசி ஏமாற்றிவிடலாம், இவர் மூக்கை ஏமாற்ற முடியாது. இது உரம்.

முன்பக்கம் சிமெண்டுத் தரையில் அன்றைய பச்சைக் குப்பையைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். கையுறை போட்ட பெண்கள் குனிந்து ஒவ்வொரு இலைச் சுருட்டாக அவிழ்த்து, உள்ளே இருந்த கவரையும் நூலையும் எடுத்து எறிந்துகொண்டிருந்தார்கள். யாரும் அவரைப் பார்த்து நடிக்கவில்லை. அவரை யாரும் பார்க்கவே இல்லை.

அரைச்சுவர் மேல் சில சாமான்கள் வரிசையாக இருந்தன. ஒரு கரண்டி, ஒரு பொம்மைக் கை, ஊசி, பிளேடு. கடைசியில் நீலப்பூ.

அவர் கை அதை நோக்கிப் போயிற்று.

"அதைத் தொடாதீக" என்றார் வேதமணி. "அது நம்ம முனீஸ்வரி கையக் கிழிச்சது. இலைச் சுருட்டுக்குள்ள எவனோ வச்சு அனுப்பியிருக்கான். கையுறையோட அவுத்தா வழுக்குதுன்னு கழட்டியிருக்கா, பாவம். வலது கை, பெருவிரல் அடியில. தையல் போட்டிருக்கு. விரல் பழையபடி மடங்குமான்னு பத்து நாள் போகட்டும்னு டாக்டர் சொல்லுதாரு. மடங்கலைன்னா வண்டி ஓட்ட முடியாது, இந்த வேலையும் முடியாது."

நீலப்பூவின் மேல் காய்ந்துபோன கறை இருந்தது.

"எந்தத் தெருக் குப்பையாம்?" என்று கேட்டார் ஐயாதுரை.

"கேட்டேன். தெரியலைன்னுட்டா. அம்புட்டு வீட்டுல எதுன்னு தெரியும்? புதுசா வேலைக்கு வாரவுகளுக்குக் காட்டத்தான் எடுத்து வச்சிருக்கேன், இலைக்குள்ள இப்படியும் இருக்கும்னு."

வைத்த குறி வந்து சேர்ந்துவிட்டது. தனியே பிரித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். அவர் கேட்ட சாட்சி அதுதான்.

முனீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று வேதமணி சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் பஸ் ஏறினார். பஸ் முழுக்கக் கூட்டம், எதிரே காலேஜ் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னல் ஓரம் ஒதுங்கிக்கொண்டு யோசித்தார். மீசையை எடுக்க வேண்டியதுதான், சொல்லியாகிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனுக்கு முடி காணிக்கை கொடுத்துவிட்டு வந்தால் மீசையும் அதோடு போய்விடும். தெருவில் கேட்டால் நேர்த்திக்கடன். சொல்லும் காப்பாற்றியாயிற்று, வெளியே தெரியவும் தெரியாது. இந்த யோசனை வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது. இறங்கியதும் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டார்.

முனீஸ்வரி வீட்டு வாசலில் கையைத் துணித் தூளியில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"கை எப்படி இருக்கு?"

"இருக்கு."

"விரலு?"

"மடங்குது. முழுசா மடங்கலை."

பால்கோவாப் பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்கிப் பல்லால் முடிச்சை அவிழ்த்து, ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கவரை மடித்து ஓரமாக வைத்தாள். "இது நீல வாளி" என்றாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு அவளும் முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"அது வந்து…" என்று ஆரம்பித்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"யாரு வச்சதுன்னு தெரியும். நீலப்பூத் தட்டு, விளிம்புல சில்லு போனது. உங்க வீட்டுப் பின்வாசல்ல உக்காந்து எத்தனை அமாவாசை அதுல சாப்பிட்டிருக்கேன். உங்க வீட்டுல வேற யாரும் அதுல சாப்பிட்டதில்லையே பெரியவரே. அந்தத் தட்ட எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

வீட்டில் யாரும் சாப்பிடாத தட்டு, கேட்க ஆளில்லை என்று தான் போட்ட கணக்கு ஐயாதுரைக்கு நினைவு வந்தது. யாரும் என்று நினைத்தபோது அவர் இவளைச் சேர்த்து எண்ணவில்லை.

"பொறவு ஏன் மேஸ்திரிகிட்டச் சொல்லலை?"

"சொன்னா? நாலு பேரு உங்க வாசல்ல வந்து நிப்பாக. நீங்க மீசைய முறுக்கிக்கிட்டு இல்லைன்னு சொல்லுவீக. மறுநாள் அதே தெருவுக்கு விசில் ஊதிக்கிட்டு வரவேண்டியது நான்தானே?"

"வேணும்னு செய்யலை தாயி. குறிக்குத்தான் வச்சேன். நீ கையை விடுவன்னு நினைக்கலை."

"கைய விட மாட்டோம்னுதானே வச்சீக?"

கோயில் பக்கம் மணிச்சத்தம் கேட்டது.

"மீசைய எடுத்துடுதேன்" என்றார். "சொன்ன சொல்லு."

"எடுங்க, எடுக்காமப் போங்க. கேட்டா இருக்கன்குடிக்கு நேந்துக்கிட்டேன்னு சொல்லிட்டுப் போயிருவீக."

ஐயாதுரை தலையைக் குனிந்துகொண்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இவளே உட்கார்ந்து வந்தது போல இருந்தது.

"எனக்கு மீசை வேண்டாம் பெரியவரே. நீங்க ஒரு வார்த்தை சொன்னீக, தெருவே கலந்து போடுது. எனக்குப் பதிலா இப்ப வார பிள்ளையும் இலையக் கையாலதான் அவுக்கான். அம்புட்டுத்தான் நான் சொல்லுவேன்."

அவர் கிளம்பும்போது அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஆச்சிகிட்டச் சொல்லுங்க. எனக்குன்னு புதுசா ஒரு தட்டு எடுத்து வைக்க வேண்டாம்."

"இலையில…"

"இலையிலயும் வேண்டாம். நீங்க சாப்பிடுத தட்டுல போட்டா சாப்பிடுதேன். இல்லைன்னா எனக்குப் பசிக்காது."

ராஜபாளையத்தில் இறங்கியதும் ஐயாதுரை ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. நேரே சோலைராஜ் சலூனுக்குப் போய் உட்கார்ந்து, "மீசைய எடு" என்றார். சோலைராஜ் கத்தரியை எடுத்தான், வைத்தான். "நல்லா யோசிச்சீகளா அண்ணாச்சி? என் கடையில வச்சு எடுத்தான்னு நாளைக்கு என்னைய வையாதீக."

"எடுலே."

கண்ணாடியில் வேறு யாரோ ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். மேல் உதடு குழந்தையுடையது போல வெளுத்துப்போய் இருந்தது. வீட்டில் வெள்ளத்தாய் கதவைத் திறந்தவள், "யாரு வேணும்?" என்று கேட்டே விட்டாள். அடையாளம் தெரிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் தட்டைப் பற்றியும் கையைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முனீஸ்வரிக்கென்று அந்தத் தட்டைத் தனியாக மாடக்குழியில் வைத்தது அவள்தான். அன்றைக்கு முழுவதும் அவரிடம் அவள் பேசவில்லை. அவரிடம் மட்டுந்தான் கோபம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

முனீஸ்வரி திரும்பி வரும்வரை ஐயாதுரை டீக்கடைப் பக்கம் போகவில்லை. வயலுக்குப் போனால் விடியுமுன் போய்விடுவார், துண்டை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். விரல் மடங்கிவிட்டது, திங்கட்கிழமை வருகிறாள் என்று வேதமணி போனில் சொன்ன பிறகுதான் துண்டை அவிழ்த்தார்.

திங்கட்கிழமை காலையில் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இருளப்பசாமி ஆற்றிய டீயை விட்டுவிட்டுக் கிட்டே வந்தான்.

"என்ன மாமா இது! இருக்கன்குடியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நேர்த்திக்கடனாகத்தான் இருக்கும் என்று அவர்களே முடிவு செய்துவிட்ட முகங்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினால் போதும். கழுத்து பாதி வரைக்கும் ஆடியும்விட்டது.

தெருமுனையில் விசில் கேட்டது. பழைய விசில்.

"கோயில் இல்லலே" என்றார் ஐயாதுரை. "பந்தயம் தோத்துட்டேன்."

"எந்தப் பந்தயம்?"

"இங்கன வச்சு சொன்னேனே, அது. நான் போய்ப் பாத்துட்டேன். பிரிக்காக. ஒவ்வொரு இலையா அவுத்துக் கையால பிரிக்காக. எனக்கு நம்பிக்கை இல்லாமத் தட்ட உடைச்சு இலைக்குள்ள வச்சு அனுப்புனேன், அது முனீஸ்வரி கையக் கிழிச்சிட்டுது. நான்தான் வச்சேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெஞ்சில் ஒருவர், "இதையெல்லாம் எதுக்கு மாமா வெளிய சொல்லிக்கிட்டு" என்று மெதுவாகச் சொன்னார்.

"சொல்லாம இருந்தா நீ நாளைக்கும் கலந்துதானே போடுவ?"

வண்டி டீக்கடை வாசலில் வந்து நின்றது. முனீஸ்வரியின் பெருவிரலில் இன்னும் கட்டு இருந்தது. ஐயாதுரையின் மேல் உதட்டை ஒரு தடவை பார்த்தாள். இருளப்பசாமி பழக்கத்தில் அவனுடைய வாளியைத் தூக்கி நீட்டினான். சக்கையான டீத்தூள், அதற்குள் புதைந்த பேப்பர் கப்புகள், பிஸ்கட் கவர்.

"பிரிக்காம வாங்க மாட்டேன்" என்றாள் அவள்.

இருளப்பசாமி வாளியையும் ஐயாதுரையையும் மாறி மாறிப் பார்த்தான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

ஐயாதுரை பெஞ்சிலிருந்து எழுந்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாளிக்கு முன்னால் குத்தவைத்தார். சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, டீச்சக்கைக்குள் கையை விடப்போனார்.

"பெரியவரே, செத்த இருங்க" என்றாள் முனீஸ்வரி. வண்டியிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து அவர் முன்னால் போட்டாள். "இதப் போட்டுக்கோங்க. உள்ள என்ன கெடக்குன்னு தெரியாது."